பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலி: விமான டிக்கெட்டில் இனிஷியல் போட்டது தவறா?

நங்கநல்லூர்வாசி (கேள்வி)

வணக்கம். என் அம்மா அடுத்த மாதம் துபாயில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் செல்லவிருக்கிறார். அவருக்கு இதுதான் முதல் விமானப் பயணம். பாஸ்போர்ட்டில் அவர் பெயர் ‘முத்துலட்சுமி’ என்று மட்டும் இருக்கிறது. குடும்பப்பெயருக்கான இடம் காலி. டிக்கெட் எடுக்கும்போது கடைசிப் பெயர் கட்டத்தை நிரப்பாமல் இணையதளம் அடுத்த பக்கத்துக்கு விடவில்லை என்பதால், வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி ‘எஸ்’ என்று இனிஷியலைப் போட்டுவிட்டேன். நேற்று இரவு எடுத்த டிக்கெட் இது. விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இந்த ஒற்றை எழுத்துக்காக மீனம்பாக்கத்தில் அம்மாவை நிறுத்திவிடுவார்களா, அல்லது நான் வீணாகக் கவலைப்படுகிறேனா?

மண்ணடி முகவர்

கவலை நியாயமானதுதான். ஆனால் நேற்று இரவுதான் எடுத்தீர்கள் என்பதால் இன்றைக்கே சரிசெய்துவிடலாம். இருபது ஆண்டுகளாக டிக்கெட் போட்டுக் கொடுக்கும் எனக்கு வாரம் தவறாமல் வரும் கேள்வி இது. உலகத்தில் எல்லாருக்கும் குடும்பப்பெயர் ஒன்று இருக்கும் என்று நம்பி வடிவமைத்த முறைதான் விமான முன்பதிவு. முதலில் குடும்பப்பெயர், பிறகு ஒரு சாய்கோடு, அதன்பின் சொந்தப் பெயர் என்றே அதில் பெயர் பதிவாகும். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. நம் பாஸ்போர்ட் அலுவலகமும் இனிஷியலை ஏற்பதில்லை. விரித்துத்தான் எழுதச் சொல்கிறது. ஆகவே உங்கள் டிக்கெட்டில் இருப்பது பாஸ்போர்ட்டில் எங்குமே இல்லாத ஓர் எழுத்து. கவுண்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தின் அடியில், வரிக்கு 44 எழுத்திடங்களாக உள்ள இரண்டு வரிகளை இயந்திரத்தில் காட்டி, திரையில் வரும் பெயரை முன்பதிவோடு ஒப்பிடுவார். வங்கிப் புத்தகத்தையும் ஆதாரையும் நீட்டினால் அங்கே எடுபடாது.

விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் எடுத்த டிக்கெட்டில், 24 மணி நேரத்துக்குள் பிழையைச் சுட்டிக்காட்டினால், அதே நபரின் பெயரைத் திருத்துவதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2019இல் வெளியிட்ட பயணிகள் சாசனம் சொல்கிறது. ஆகவே இதைப் படித்த கையோடு அவர்களை அழையுங்கள். குடும்பப்பெயர் இல்லாதவர்களுக்குச் சில நிறுவனங்கள் சொந்தப் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லும். சில, ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று பொருள்படும் ‘எஃப்என்யு’ என்ற மூன்றெழுத்தைப் போடச் சொல்லும் (பெற்றவள் வைத்த பெயர் இருக்கும்போதே தெரியவில்லை என்று எழுதச் சொல்வது எனக்கு இன்றுவரை உறுத்தல்தான்). உங்கள் நிறுவனத்தின் வழக்கம் எது என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டிக்கெட்டில் பெயரும் ‘எம்ஆர்எஸ்’ என்ற அடைமொழியும் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டு வரும். அது பிழையன்று, பதறி மறுபடியும் அழைக்க வேண்டாம்.

குரோம்பேட்டை ராஜா

முகவர் ஐயா சொன்னதோடு துபாய்க்கே உரிய ஒரு விதியையும் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. தமிழர்கள் பலரை அது கலங்கடித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாவது விவரப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாக விளக்கம் வந்தது. எனவே கடைசித் தாளில் உங்கள் தாத்தாவின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விசா விண்ணப்பத்தோடு அந்தப் பக்கத்தையும் இணையுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால், பணம் கட்டுவதற்கு முன் விசா எடுத்துத் தருபவரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பழவந்தாங்கல் மீனா

‘கவுண்டரில் பேசிக்கொள்ளலாம்’ என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் மாமனாரைக் கோலாலம்பூருக்கு வழியனுப்பச் சென்றபோது, அவர் பெயரில் ‘த’கரத்துக்கு பாஸ்போர்ட்டில் ‘எச்’ இருந்தது, டிக்கெட்டில் இல்லை. கவுண்டரில் இருந்த பெண், பாஸ்போர்ட்டைத் திரைக்கு அருகில் பிடித்து, பேனா முனையை ஒவ்வொரு எழுத்தின் கீழும் நகர்த்திக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்தினார். அவர் மேலாளரைத் தேடி, மேலாளர் யாருக்கோ தொலைபேசியில் பேசி, ஒருவழியாகத் திருத்தம் முடிந்தபோது கவுண்டர் மூட ஐந்து நிமிடம்தான் இருந்தது. மாமனார் அதுவரை உட்காரவே இல்லை. பகல் நேரமாக இல்லாமல் விடியற்காலை மூன்று மணியாக இருந்திருந்தால் அந்த மேலாளர் கிடைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான். உள்நாட்டுப் பயணத்தில், வாசலில் நிற்கும் பாதுகாப்புப் படையினர் ஆதாரில் உள்ள இனிஷியல் வேறுபாட்டைப் பெரும்பாலும் பெரிதுபடுத்துவதில்லை; அந்த அனுபவத்தை வைத்து வெளிநாட்டுப் பயணத்தைக் கணக்குப் போட வேண்டாம்.

நங்கநல்லூர்வாசி

அனைவருக்கும் நன்றி. கடைசித் தாளில் தாத்தாவின் பெயர் முழுமையாக இருக்கிறது. விமான நிறுவனத்தை அழைத்தேன். பாஸ்போர்ட்டின் முதல் தாளையும் கடைசித் தாளையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், கட்டணம் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டிலேயே பெயரைப் பிரித்து எழுதி வாங்கிவிட முடியுமா? அக்கா வீட்டுக்கு அம்மா இனி அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

மண்ணடி முகவர்

முடியும். அதற்கு பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்குத் தாம்பரம் சேவை மையம் பக்கம். ஆனால் புதிய புத்தகம் புதிய எண்ணோடு வரும். அப்போது டிக்கெட், விசா இரண்டிலும் மறுபடியும் கை வைக்க வேண்டியிருக்கும் என்பதால், இந்தப் பயணம் முடிந்து அம்மா திரும்பிய பிறகு விண்ணப்பியுங்கள்.

நங்கநல்லூர்வாசி

அப்படியே செய்கிறேன். திருத்திய டிக்கெட் இன்று மாலை வந்துவிட்டது. அவர்கள் வழக்கப்படி பெயர் இரண்டு முறை வருகிறது. முத்துலட்சுமி, சாய்கோடு, முத்துலட்சுமி, ஒட்டினாற்போல் எம்ஆர்எஸ். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்துவிட்டு, “இரண்டு பேருக்கா எடுத்தாய்?” என்று கேட்டார்.