30 அடி தெருவுல சைக்கிள் பாதை: ஏரியா சபையில என்ன கேட்கலாம்?

கிழக்குவாசல்:
வணக்கம். அடையாறுல எல்.பி. ரோடுக்குப் பின்னால இருக்கிற குடியிருப்புத் தெருக்கள் பத்தின கேள்வி. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை ஆரம்பிச்சதுல இருந்து மெயின் ரோடு நெரிசலுக்குத் தப்பிக்கிற வண்டியெல்லாம் உள்தெரு வழியா சீறிட்டுப் போகுது. சைக்கிள்ல வர்ற பள்ளிக்கூடப் பசங்க, பேப்பர் போடறவங்க, வாட்ச்மேன்கள் எல்லாரும் சுவர் ஓரமா ஒடுங்கி ஓட்ட வேண்டியிருக்கு. தெருக்களை மறுபடி வடிவமைக்கணும்னு அடுத்த ஏரியா சபையில (வார்டுக்குள்ள ஒவ்வொரு பகுதிக்கும் நடக்கிற குடியிருப்போர் கூட்டம்) மனு கொடுக்கப் போறோம்.

குடியிருப்போருக்குள்ளயே மூணு கருத்து. பச்சைப் பெயின்ட் அடிச்சுத் தனி சைக்கிள் பாதை வேணும்னு ஒரு தரப்பு. பார்க்கிங் போயிடும், வேண்டவே வேண்டாம்னு கார் வெச்சிருக்கிறவங்க. பத்தடிக்கு ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டாப் போதும்னு பெரியவங்க. பெரும்பாலும் 30 அடித் தெரு, ரெண்டு 40 அடி, ஒரே ஒரு 60 அடி ரோடு. எதைக் கேட்டா உண்மையிலேயே பாதுகாப்பு வரும்?

சங்கிலிச்சக்கரம்:
முதல்ல டேப் பிடிச்சு அளந்துடுங்க, பாதி சண்டை தானா ஓயும். 30 அடின்னா 9.1 மீட்டர். ரெண்டு பக்கமும் 1.5 மீட்டர் நடைபாதை போனா மிச்சம் ஆறு. ஒரு பக்கம் கார் நின்னா 2 மீட்டர் காலி, மீதி நாலு. ஒரு வழி சைக்கிள் பாதைக்கே குறைஞ்சது 2 மீட்டர் வேணும். அதையும் எடுத்துட்டா எதிரெதிரா ரெண்டு கார் ஒதுங்க வழியில்லை, அதனால எல்லா வண்டியும் பாதை மேல ஏறித்தான் போகும். வெறும் பெயின்ட் யாரையும் தடுக்காது. ரெண்டே வாரத்துல அது பைக் நிறுத்துற இடமாயிடும். மழையில அந்தத் தடிப் பெயின்ட் சைக்கிள் டயருக்கு வழுக்கவும் செய்யும்.

60 அடி ரோடு வேற கணக்கு. 18.3 மீட்டர்ல நடைபாதை 1.8 + 1.8, சைக்கிள் பாதை 2 + 2, வண்டிக்கு 3.1 + 3.1, பார்க்கிங் 2 + 2 போனாலும் அரை மீட்டர் மிஞ்சும். சைக்கிள் பாதையை நடைபாதைக்கும் பார்க்கிங்குக்கும் நடுவுல வைங்க, அப்போ நிற்கிற காரே தடுப்புச் சுவர். மிஞ்சற அரை மீட்டரை சைக்கிள் பாதைக்கும் கார் கதவுக்கும் நடுவுல விட்டுடணும். பார்க்கிங் ரெண்டு பக்கமும் இருக்கிறதால பக்கத்துக்குக் கால் மீட்டர்தான் வரும், அது போதாது. என் கருத்துல ஒரு பக்கப் பார்க்கிங்கை எடுத்துடறதுதான் சரி. டிரான்ஸ்ஃபார்மர், மரம், பஸ் ஸ்டாப் எங்கெங்க இருக்குன்னு வரைபடத்துல குறிச்ச பிறகு பேசுங்க. பஸ் ஸ்டாப் வர்ற இடத்துல பாதை நிழற்குடைக்குப் பின்னால போகணும், முன்னால போனா இறங்குற பயணி நேரா சைக்கிள் மேல வந்து நிற்பார்.

30 அடித் தெருவுக்கு நீங்க கேட்க வேண்டியது ரெண்டே விஷயம்: வேகம் 30க்குக் கீழே வரணும், குறுக்கே கடந்து போற வண்டி குறையணும். குடியிருப்புப் பகுதியில எல்லா வண்டிக்கும் மணிக்கு 30 கி.மீ.தான் உச்சவரம்புன்னு சென்னை போக்குவரத்துக் காவல் 2023 நவம்பர்லயே அமல்படுத்திடுச்சு. மனுவுல அதையே முதல் வரியா எழுதுங்க. இருக்கிற விதிக்குத் தெருவைப் பொருத்தச் சொல்றீங்க, புதுசா எதுவும் கேட்கலை.

வண்டல்தொட்டி:
ஸ்பீடு பிரேக்கர் கேட்கிற பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம தெருக்கள்ல ராத்திரியோட ராத்திரியா முளைக்கிறது அரை மீட்டர் அகலம், அரை அடி உயரம். கார் அதுல நின்னு ஏறும், உடனே ஆக்சிலரேட்டரை மிதிக்கும். பைக் மேட்டைத் தவிர்த்து ஓரத்து இடுக்குல புகுந்து போகும், சைக்கிள்காரர் வர்றதும் அதே இடுக்குதான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தர்ற சைக்கிள் கனமானது, கியர் கிடையாது. கேரியர்ல புத்தகப் பையோட அந்த மேட்டுல ஏறினா ஹேண்டில் ஆடிடும்.

ஐ.ஆர்.சி. 99 (இந்தியச் சாலைக் காங்கிரஸோட வேகத்தடை வழிகாட்டி) சொல்ற மேடு 3.7 மீட்டர் நீளம், நடுவுல 10 செ.மீ. உயரம், வளைவா இருக்கும். 25 கி.மீ. வேகத்துல முதுகு குலுங்காம தாண்டலாம், 40ல வந்தா தூக்கிப் போடும். இடைவெளி 80 மீட்டருக்கு மேல போனா நடுவுல மறுபடி வேகம் ஏறிடும். பத்தடிக்கு ஒண்ணு வேண்டாம், ஆம்புலன்ஸுக்கும் அது தொல்லை. பள்ளிக்கூட வாசல்லயும் முச்சந்தியிலயும் மேட்டையே அகலமாக்கி, நடைபாதை மட்டத்துக்கு ஒரு மேடையா கேளுங்க. நடக்கிறவங்க இறங்கி ஏறாம கடக்கலாம். பிளாஸ்டிக் துண்டுகளை போல்ட் போட்டு இறுக்குற வகையை மட்டும் ஒத்துக்காதீங்க. துண்டு பெயர்ந்து போல்ட் தலை நீட்டிட்டு நிற்கும், டயர் கிழியும்.

இப்போ தண்ணி. சென்னை தட்டையான ஊர், தெருவோட சரிவு ரொம்பக் கொஞ்சம். மேட்டை ஓரம் வரைக்கும் இழுத்தா அதுவே அணை மாதிரி நிற்கும், நவம்பர்ல முழங்கால் தண்ணி தேங்கும். தேங்கினதும் ஊர்க்காரங்களே இடிச்சுடுவாங்க. மேட்டுக்குத் தண்ணி வர்ற பக்கத்துல ஒரு வண்டல் வடிகட்டித் தொட்டி (மண்ணைத் தேக்கிட்டுத் தெருத் தண்ணியை மழைநீர் வடிகாலுக்குள்ள விடற குழி) இருக்கணும், அது இல்லாத இடத்துல மேட்டை ஒத்துக்காதீங்க. அதோட, வடிகால் கம்பி மூடி. கம்பி இடுக்கு சைக்கிள் போற திசைக்குக் குறுக்கே இருக்கணும். நீளவாக்குல இருந்தா மெல்லிசு டயர் உள்ளே இறங்கி ஆள் தலைகீழா விழுவார். மூடியைத் திருப்பிப் போட்டாலே பல இடத்துல சரியாயிடும், செலவே கிடையாது. சதுர மூடிதானான்னு பார்த்துக்கோங்க.

நாலாவது_குறுக்கு:
கார் வெச்சிருக்கிறவங்க பக்கம் கொஞ்சம் பேசறேன். பார்க்கிங்கை எதிரின்னு நினைக்காதீங்க. 50 மீட்டர் இடது பக்கம், அடுத்த 50 மீட்டர் வலது பக்கம்னு மாத்தி மாத்தி விட்டா நேர்கோட்டுத் தெரு வளைஞ்சு போகும், வேகம் தானா இறங்கும். பார்க்கிங் பறிபோறது தெரு முனையில மட்டும்தான்: மூலையில இருந்து 6 மீட்டருக்கு எதுவும் நிற்கக் கூடாது. அங்க கார் நின்னா திரும்புற வண்டிக்கு சைக்கிள்ல வர்ற பையன் தெரியவே மாட்டான். கோடு போட்டு விட்டா யாராவது நிறுத்திடுவாங்க, நடைபாதையையே அங்க அகலப்படுத்திடணும். மூலையோட வளைவையும் 4 மீட்டர் ஆரத்துக்குச் சுருக்கச் சொல்லுங்க. குப்பை லாரி திரும்ப, ஓரத்துல 5 செ.மீ. உயரத்துக்குக் கருங்கல் பதிச்சா லாரி ஏறிப் போகும், கார் ஓட்டறவர் ஏறத் தயங்குவார்.

ஆனா சங்கிலிச்சக்கரம் சொல்ற 'குறுக்கே போற வண்டியைக் குறைக்கிறது' எனக்குச் சந்தேகம்தான். தெருவை நடுவுல கம்பம் நட்டு மூடினா கார் நிற்கும், பைக்? சக்கர நாற்காலி போக 1.2 மீட்டர் இடைவெளி விட்டே ஆகணும். அதுல பைக் தாராளமாப் புகுந்திடும்.

சங்கிலிச்சக்கரம்:
@நாலாவது_குறுக்கு உண்மைதாங்க, பைக் நிற்காது. ஆட்டோ ஏறக்குறைய 1.3 மீட்டர் அகலம், காரும் அதுவும் நிற்கும். இடத்தை அடைச்சு சைக்கிளைச் சுவர்ப் பக்கம் தள்றது கார்தான், அதனால இது பெரிய லாபம். பைக் வேகத்துக்குக் கம்பங்களுக்கு முன்னும் பின்னும் மேடு போட்டாகணும். நடுக்கம்பம் பூட்டு வெச்சுக் கழட்டுற வகையா இருக்கட்டும். சாவி ஒண்ணு தீயணைப்பு நிலையத்துல, ஒண்ணு தெருவுலயே எந்நேரமும் ஆள் இருக்கிற வீட்டுல.

கிழக்குவாசல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வேகமும் குறுக்கு வண்டியும் இருக்குன்னு எப்படிக் காட்டறது? வாய் வார்த்தைன்னு தள்ளிடுவாங்களே.

வண்டல்தொட்டி:
சுலபம். சுண்ணாம்புல 30 மீட்டர் இடைவெளிக்கு ரெண்டு கோடு, போன்ல ஸ்டாப்வாட்ச். 3.6 வினாடிக்குள்ள கடந்தா அந்த வண்டி 30ஐத் தாண்டுது, 2.2 வினாடின்னா ஏறக்குறைய 50. காலை 8லிருந்து 9.30 வரை, சாயங்காலம் பள்ளி விடற நேரம், ரெண்டு வேளையும் எடுங்க. குறுக்கு வண்டிக்குத் தெருவோட ரெண்டு முனையிலும் ஒருத்தர் நின்னு கடைசி நாலு எண்ணைக் குறிக்கட்டும். ரெண்டு மூணு நிமிஷத்துல அதே எண் மறுமுனையில வந்தா அது உங்க தெருவுக்கு வந்த வண்டி கிடையாது. சைக்கிள்களையும் எண்ணுங்க, பெரியவர், பிள்ளைகள், பெண்கள்னு பிரிச்சு.

அப்புறம் நேரம் பார்த்துக் கேளுங்க. ஏரியா சபை விதிகள் 2022லேயே வந்தாச்சு, தீர்மானத்தைப் பதிவு பண்ண வெச்சு நகல் வாங்கிக்கோங்க. குடிநீர் வாரியமோ மின்வாரியமோ அந்தத் தெருவை வெட்டப் போறாங்களான்னு வார்டு உதவிப் பொறியாளர்கிட்ட விசாரிங்க. மேடு போட்ட அடுத்த மாசம் குழாய்க்கு வெட்டினா ஒட்டுப் போட்ட பள்ளம்தான் மிஞ்சும். ரோடு போடறப்போ பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுப் போடச் சொல்லுங்க, இல்லைன்னா ரோடு உயர்ந்து இந்த மேடையெல்லாம் தட்டையாயிடும், வீட்டுக்குள்ள தண்ணி வரும். தார் போடறதுக்கு முன்னாடி ஒரு மாசம் மணல் மூட்டை, பிளாஸ்டிக் கூம்பு வெச்சு மூலைகளைச் சுருக்கிப் பார்க்க அனுமதி கேளுங்க. குப்பை லாரியும் பள்ளி வேனும் திரும்புதான்னு அப்பவே தெரிஞ்சுடும், கல் பதிக்கிற இடத்தையும் டயர் தடத்தை வெச்சே குறிச்சுக்கலாம்.