சூலாஜின் கருப்பு: அக்ரிலிக்கில் செய்தால் ஏன் செத்துப்போகிறது?

கேள்வி:
பிரெஞ்சு ஓவியர் பியர் சூலாஜ் 1979 முதல் தீட்டிய 'ஊத்ருநுவார்' (கருப்புக்கு அப்பால்) ஓவியங்களின் முறையைக் கற்க 60 × 80 செ.மீ. கேன்வாஸில் முயன்றேன். கருப்பு அக்ரிலிக்கையும், வண்ணத்தைக் கெட்டியாக்கும் மாடலிங் பேஸ்ட்டையும் சம அளவில் கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு செ.மீ. கனத்துக்கு அப்பி, பல் வெட்டிய தகட்டால் இழுத்தேன். காய்ந்ததும் நிறம் சாம்பல் பூத்துவிட்டது, வரிகளின் முனை மழுங்கிவிட்டது, நடுவில் வெடிப்பு. அவர் தனியாக ஏதாவது கருப்பு வைத்திருந்தாரா?

பதில் 1:
கருப்பில் ரகசியம் இல்லை. உங்கள் கலவையில்தான் கோளாறு. மாடலிங் பேஸ்ட்டில் இருப்பது பளிங்குத் தூள். அது வெள்ளை, போதாக்குறைக்கு மேட், அதாவது பளபளப்பு இல்லாதது. எவ்வளவு கருப்பு சேர்த்தாலும் சாம்பலாகத்தான் நிற்கும். பேஸ்ட்டை விட்டுவிட்டு, கெட்டியான, பளபளப்பான அக்ரிலிக் ஜெல் (gloss gel) இரண்டு பங்கு, 'ஹெவி பாடி' எனப்படும் கெட்டிக் கருப்பு வண்ணம் ஒரு பங்கு எடுங்கள். ஜெல் ஈரத்தில் பால் நிறமாக இருப்பதால் கலவை வெளிறித் தெரியும். பயந்து கருப்பைக் கூட்ட வேண்டாம், காய்ந்ததும் தெளிந்துவிடும். 'மேட் ஜெல்' வாங்கிவிடாதீர்கள். அதிலுள்ள பொடி ஒளியைச் சிதறடித்துவிடும்.

முனை மழுங்கியதற்குக் காரணம் தண்ணீர். ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

வெடிப்பு வேறு கதை. அக்ரிலிக் நீர் ஆவியாகிக் காய்கிறது, அதனால் கன அளவு நன்றாகவே குறையும். மேலே தோல் கட்டிய பிறகு உள்ளே சுருங்கினால் தோல் பிளக்கும். 3 முதல் 5 மி.மீ. வரை ஒரு தடவை, முழுதும் காய்ந்தபின் அடுத்தது. முதல் இரண்டு நாள் மேலே படாமல் பிளாஸ்டிக் தாளால் கூடாரம்போல் மூடி வையுங்கள். மின்விசிறிக் காற்று கூடாது. தொங்கும் கேன்வாஸைவிட மரப்பலகை நல்லது.

பதில் 2:
கலவை சரியானாலும் வரிகளின் திசையைக் கவனிக்காவிட்டால் ஓவியம் எழும்பாது. அவர் வேலையின் உயிரே அதுதான். ஒளி வரிகளுக்குக் குறுக்கே விழுந்தால் ஒவ்வொரு வரியின் ஒரு பக்கம் மின்னும், மறுபக்கம் இருளும். வரியோடு ஒட்டி ஓடினால் மேடுபள்ளமே தெரியாது. இடப்பக்கம் ஜன்னல் இருந்தால் நெடுக்கு வரிகள் பேசும், படுக்கை வரிகள் ஊமையாகிவிடும். மேலிருந்து வெளிச்சம் என்றால் நேர்மாறு.

ஆகவே ஒரே பரப்பில் ஒரு பகுதி நெடுக்கு, ஒரு பகுதி சாய்வு, ஒரு பகுதி வழுவழு என்று பிரியுங்கள். பார்ப்பவர் நாலடி நகர்ந்தால் வெளிச்சமாக இருந்த பகுதி கருக்கும், கருத்தது வெள்ளியாகும். வழுவழுப்பான இடம் இல்லாமல் முழுக்க வரி போட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. ஓய்வு கொடுக்கும் இடம் இருந்தால்தான் வரி துடிக்கும். 1985-இன் 324 × 362 செ.மீ. பன்பலகை ஓவியங்களைப் பாருங்கள்: 81 செ.மீ. உயரமுள்ள நான்கு பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று. பலகைகளுக்கு நடுவிலுள்ள கோடும் ஒளி வாங்கும் ஒரு வரிதான். தலைப்பில் அளவும் தேதியும் மட்டும் வைத்தது, பார்ப்பவர் வேறெங்கும் போகாமல் பரப்பிலேயே நிற்கட்டும் என்பதற்காக என்றே எனக்குப் படுகிறது.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். அவரும் தொடக்கத்திலிருந்து அக்ரிலிக்கில் வேலை செய்யவில்லை. 2004 வாக்கில்தான் எண்ணெய் வண்ணத்திலிருந்து அதற்கு மாறினார். எண்ணெயில் ஐவரி பிளாக் (எலும்புக் கரியிலிருந்து செய்யும் கருப்பு) மிக மெதுவாகக் காயும், கனமாக அப்பினால் மேல்தோல் சுருக்கம் விழும். இரண்டும் காயும் விதமே வேறு. ஆகவே எண்ணெய்க்கால ஓவியத்தின் புகைப்படத்தைப் பார்த்து அக்ரிலிக்கில் அதே முனையை எதிர்பார்க்காதீர்கள்.

கருப்போடு நின்றுவிடவும் வேண்டாம். 1947 வாக்கில் அவர் தாளில் தீட்டியது 'புரூ த நுவா', அதாவது தச்சர்கள் மரத்துக்குப் பூசும் வால்நட் காயின் பச்சை மேல்தோலிலிருந்து எடுக்கும் சாயம். அகலத் தூரிகையில் ஒரே இழுப்பு. நடுவில் இருண்டும் ஓரத்தில் தேன் நிறமாகவும் நிற்கும் அந்தச் சாயம், ஒளியைத் தாளின் வெள்ளையிலிருந்து எடுக்கிறது. தென் பிரான்சின் கொங்க் மடாலயத்தில் 1994-இல் முடிந்த 104 சாளரங்களில் வண்ணமே கிடையாது. நிறமற்ற, ஊடே பார்க்க முடியாத கண்ணாடிதான், ஆனால் ஒளி ஊடுருவும் அளவு இடத்துக்கு இடம் மாறும். தாள், எண்ணெய், கண்ணாடி மூன்றிலும் ஒரே தேடல். அவர் பிறந்த ரொதேஸ் ஊரில் 2014-இல் திறந்த அருங்காட்சியகத்தில் தாள், எண்ணெய் ஓவியங்களையும் சாளரங்களுக்கான ஆயத்த வரைவுகளையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. செல்பேசியில் எடுத்தால் எல்லாம் சாம்பலாக வருகிறதே?

பதில் 2:
கேமரா கருப்பை இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. கேமராவின் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (அதன் அளவுப்படி) குறையுங்கள். பிளாஷ் கூடாது. விளக்கைப் பக்கவாட்டில், பரப்பிலிருந்து 20-30 பாகை சாய்வில் வைத்து, நின்ற இடத்தை மாற்றி மூன்று படம் எடுங்கள். மூன்றும் ஒரே மாதிரி வந்தால் உங்கள் வரிகள் போதிய ஆழம் இல்லை.