மறுமொழி: ஹார்ட் ரேட், ஜிபிஎஸ் வாட்ச்சுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஓடுபவர்கள் வாட்ச் வாங்குவதற்கு ஒரு தமிழ் வழிகாட்டி எழுதுகிறேன், சொற்கள் தந்து உதவுங்கள் என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கியவருக்கு முதலில் நன்றி. வந்த பரிந்துரைகளை எல்லாம் நிதானமாகப் படித்தேன். இந்தக் கருவி எதை அளக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைத்தால் வழிகாட்டியைப் படிப்பவருக்கும் அது பயன்படும். அந்த நோக்கில் என் கருத்துகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

> 'இதயத்துடிப்புமானி' போதுமே. வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் எளிதில் பழகிவிடும்.

'மானி'யில் எனக்குத் தடையில்லை. 'அளவி' என்று மாற்றச் சொன்னவரோடும் சண்டையில்லை. எனக்கு உறுத்துவது 'இதயம்'.

வாட்ச்சைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பச்சையாக மினுங்கும் எல்இடி விளக்குகளும் பக்கத்தில் ஒளியை வாங்கும் ஓர் உணரியும் இருக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சக்கூடியது. ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் உள்ள நுண்குழாய்களில் ரத்தம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. ஏறும்போது திரும்பிவரும் ஒளி குறையும், இறங்கும்போது கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நிமிடத்துக்கு 142 என்றோ 150 என்றோ திரையில் காட்டுகிறது. ஹெர்ட்ஸ்மன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1930களில் ஒளியைக்கொண்டு விரலில் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்த அதே முறை இது. போட்டோபிளெதிஸ்மோகிராஃபி என்று அதற்கு வழங்கும் நீளமான பெயரில் ஒளி இருக்கிறது, பெருகுதல் இருக்கிறது, வரைதல் இருக்கிறது. இதயம் இல்லை.

நெஞ்சில் கட்டும் பட்டை வேறு வகை. அதிலுள்ள மின்வாய்கள் இதயத் தசை சுருங்குவதற்கு முன் எழும் மின்சைகையை நேரே பிடிக்கின்றன. 1977இல் தொடங்கிய ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே, நெஞ்சில் எடுத்த அளவைக் கம்பியில்லாமல் மணிக்கட்டுக்கு அனுப்பும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதில் மணிக்கட்டில் இருந்தது வெறும் திரைதான். இன்றைய வாட்ச்சோ மணிக்கட்டிலேயே அளக்கிறது. மணிக்கட்டில் கிடைப்பது நாடி.

இரண்டும் ஒரே எண்தானே என்று கேட்கலாம். உடல்நலமுள்ளவருக்குப் பெரும்பாலும் ஒரே எண்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு அப்படியில்லை. சில துடிப்புகளில் இதயம் தள்ளும் ரத்தம் மிகக் குறைவாக இருப்பதால் அந்த அலை மணிக்கட்டுவரை வந்து சேராது. அதனால்தான் மருத்துவமனையில் ஒருவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தும் இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்தும் ஒரே நேரத்தில் எண்ணுவார்கள். நெஞ்சில் 110, கையில் 90 என்று வந்தால் இடையில் உள்ள 20தான் மருத்துவருக்கு வேண்டிய செய்தி. இதற்கு 'நாடிக்குறை' என்று ஒரு சொல்லை இப்போதே முன்மொழிகிறேன்.

எனவே மணிக்கட்டில் ஒளியால் அளப்பதை நாடித்துடிப்பு என்றும், நெஞ்சுப்பட்டை அளப்பதை இதயத்துடிப்பு என்றும் பிரித்து எழுதவேண்டும் என்பதே என் வேண்டுகோள். 2018இல் வந்த ஆப்பிள் வாட்ச் 4 இந்தத் தேவையை இன்னும் கூட்டிவிட்டது. பக்கத்திலுள்ள திருகில் மறுகையின் விரலை 30 நொடி வைத்தால் அது இதயத்தின் மின்னலையை வரைந்து தருகிறது. அதே வாட்ச் ஓடும்போது பச்சை ஒளியால் நாடியை எண்ணுகிறது. இரண்டையும் 'இதயத்துடிப்பு' என்றே எழுதினால், அப்பாவுக்கு இதயக் கோளாறு, ஒரு வாட்ச் வாங்கிக் கொடுக்கலாமா என்று படிக்க வருபவர் எந்த வசதியை எதற்கு நம்புவார்?

> எங்கட பக்கம் நாடி எண்டால் முகவாய்க்கட்டை. 'நாடியுணரி' எண்டால் சனம் சிரிக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அக்கா சொல்வது சரி. தென்மாவட்டங்களிலும் நாடியைப் பிடித்துக் கெஞ்சுவது உண்டு. வைத்தீசுவரன்கோயில் ஏட்டுச் சோதிடமும் அதே பெயரில் வழங்குகிறது. ஆனால் 'நாடித்துடிப்பு' என்று முழுச்சொல்லாக வரும்போது முகவாயும் வராது, ஏடும் வராது. ஆகவே நாடியுணரி என்று சுருக்கவேண்டாம். 'நாடித்துடிப்பு உணரி' என்றே இருக்கட்டும். ஓரிரு அசை குறைப்பதற்காகப் பொருளை இழக்கவேண்டியதில்லை.

சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பதும் நாடிதான், அதோடு குழம்பும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எனக்கு அது குழப்பமாகப் படவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் தொட்டு அறிவது என்ற பொருள் நம் எல்லோர் மனத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்திலேயே கட்டும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் எங்கே கிடைக்கும்?

இனி கருவியின் பெயருக்கு வந்த பரிந்துரைகள். 'விளையாட்டுக் கடிகாரம்' வேண்டாம். முள் நகராத பிளாஸ்டிக் பொம்மைதான் நினைவுக்கு வருகிறது. 'கன்னல்' முல்லைப்பாட்டில் வரும் அழகான சொல். பாசறையில் நாழிகை அறிவிக்கும் நீர்க்கருவி அது. ஆனால் இன்று கன்னல் என்றால் கரும்பு என்றே படிக்கிறோம். 'திறன்கடிகாரம்' ஸ்மார்ட்வாட்ச்சுக்கு நன்றாகப் பொருந்தும், திறன்பேசியோடு இணையாகவும் நிற்கும். ஆனால் வழிகாட்டி பேசுவது வேறு வகையைப் பற்றி. திறன்கடிகாரம் அழைப்பு, செய்தி, செயலி எல்லாவற்றுக்கும் ஆனது. பலவற்றை ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போடவேண்டும். ஓடுபவர்களுக்கென்று செய்வது பல நாள் தாங்கும், வியர்வைக் கையால் தொடுதிரையோடு போராடாமல் பொத்தானை அழுத்தி நிறுத்தலாம். கார்மின் நிறுவனம் 2003இல் கொண்டுவந்த ஃபோர்ரன்னர் வாட்ச் தொடங்கி இந்த வரிசை தனியாகவே வளர்ந்து வந்திருக்கிறது. இதற்குப் 'பயிற்சிக் கடிகாரம்' என்பது என் பரிந்துரை. ஓட்டம், நீச்சல், மிதிவண்டி எல்லாம் அதில் அடங்கும். ஈழத்தவர் பயிற்சி மணிக்கூடு என்று எழுதட்டும். இரண்டையும் நம் சொற்பட்டியலில் இணையாகவே போடுவோம். சென்னை எலியட்ஸ் கடற்கரையில் காலையில் ஓடுபவர்கள் 'வாட்ச்' என்றுதான் சொல்வார்கள், அதை மாற்ற நான் வரவில்லை. எழுத்தில் வகை பிரித்துக் காட்டவேண்டிய இடத்துக்குத்தான் இந்தச் சொல்.

> ஜிபிஎஸ் = தடமறிவிப்பான்

இதை ஏற்க முடியவில்லை. அறிவிப்பது செயற்கைக்கோள், வாட்ச் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் சைகை கிடைத்தால், வந்துசேர்ந்த நேர வேறுபாட்டிலிருந்து வாட்ச் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. இதற்காக அது வானத்துக்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை. 'அறிவிப்பான்' என்று பெயர் வைத்தால், கட்டிக்கொண்டாலே யாரோ பின்தொடர்வார்கள் என்ற அச்சத்தை நாமே கிளப்பியதாகிவிடும். நம் இருப்பிடம் வெளியே போவது பெரும்பாலும் போனிலுள்ள செயலி வழியாகத்தான்.

தவிர, ஜிபிஎஸ் என்பது அமெரிக்கா நடத்தும் ஒரு தொகுதியின் பெயர். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தோ, இந்தியாவின் நாவிக் என்று மற்றவையும் உண்டு. நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013இல் ஏவப்பட்டது. பல வாட்ச்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளைக் கேட்கின்றன. எனவே பொதுப்பெயராக 'இடங்காட்டி', அமெரிக்கத் தொகுதியைக் குறிக்க மட்டும் ஜிபிஎஸ். ஓடி முடித்ததும் வரைபடத்தில் வரும் கோட்டுக்குத் 'தடப்பதிவு'.

வழிகாட்டிக்கு இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படும். சில வாட்ச்களில் நொடிக்கு ஒருமுறை இடத்தைக் குறிக்கும் முறையும், மின்கலத்தை மிச்சப்படுத்த விட்டுவிட்டுக் குறிக்கும் முறையும் இருக்கின்றன. முன்னதை நொடிப்பதிவு, பின்னதை விட்டுப்பதிவு எனலாம். இது பெயரளவு வேறுபாடு இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் விட்டுப்பதிவில் ஓடினால், புள்ளிக்குப் புள்ளி நேர்க்கோடு போட்டு வளைவுகளை வெட்டிவிடும். ஓடிய தூரத்தைவிடக் காட்டும் தூரம் குறையும். அடுத்தது, உயரக் கட்டடங்களில் பட்டுத் திரும்பி வரும் சைகையால் ஏற்படும் பிழை. நகரச் சாலையில் ஓடியவரின் தடம் ஏதோ கட்டடத்துக்குள் புகுந்து வந்ததுபோல் தெரிவது இதனால்தான். இதற்குப் 'பல்வழிப் பிழை'. செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1, எல்5 என்ற இரு அலைவரிசைகளையும் வாங்கும் வாட்ச்சில் இது குறைகிறது. அதை 'இரட்டை அலைவரிசை' என்றாலே புரியும்.

ஒரு பத்தியில் போட்டுப் பார்த்தால்தான் சொல் நடக்குமா நொண்டுமா என்று தெரியும். வழிகாட்டியில் இப்படி எழுதலாம்:

"பயிற்சிக் கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, அசையாதபடி கட்டுங்கள். தளர்வாக இருந்தால் இடையில் வெளிச்சம் புகுந்து நாடித்துடிப்பு உணரி தடுமாறும். தோலிலுள்ள மெலனின் நிறமியும் பச்சை குத்திய மையும் ஒளியை உறிஞ்சுவதால், வாங்கும் முன் உங்கள் கையிலேயே கட்டிச் சோதியுங்கள். சீரான நீண்ட ஓட்டத்துக்கு மணிக்கட்டு அளவே போதும். 400 மீட்டர் விரைவோட்டமும் இடையோய்வும் மாறிமாறிச் செய்பவர் நெஞ்சுப்பட்டையும் வாங்குவது நல்லது. திடீரென ஏறி இறங்கும் துடிப்பை மணிக்கட்டு தாமதமாகவே காட்டும். 220இல் வயதைக் கழித்துக் கிடைக்கும் உச்சத்துடிப்பு பொதுக்கணக்குதான், ஒருவருக்கொருவர் 10க்கு மேலும் வேறுபடும். உயரக் கட்டடங்கள் இல்லாத திறந்த சாலையில் ஓடுபவர் இரட்டை அலைவரிசைக்காகக் கூடுதல் பணம் தரவேண்டியதில்லை."

எனக்கு இது தடங்கலின்றிப் படிக்கிறது. நொண்டும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஒரே ஒரு சொல்லுக்கு இன்னும் நிறைவான விடை கிடைக்கவில்லை. ஓடும்போது நிமிடத்துக்கு 170, 180 என்று அடி வைக்கிறோம். கையும் அதே கதியில் ஆடுகிறது. சில நேரம் உணரி அந்த ஆட்டத்தையே துடிப்பு என்று பற்றிக்கொள்ளும். மெதுவாக, பேசிக்கொண்டே ஓடுபவருக்குத் திரை 175 காட்டும், அவர் பயந்துபோய் நின்றுவிடுவார். ஆங்கிலத்தில் கேடன்ஸ் லாக் என்கிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதே கேடன்ஸ், அதற்கு 'அடிவீதம்' வைத்துக்கொள்ளலாம். இந்தப் பிழைக்கு 'அடிப்பற்று' என்று ஒரு சொல் தோன்றியது. பாத்திரத்தில் அடிப்பிடிப்பதுபோல் கேட்கிறதோ என்று தயங்குகிறேன். 'அடிமயக்கு' என்றும் யோசித்தேன், ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வதை மயக்கம் என்பது நம் இலக்கண வழக்கில் உண்டு. ஓடும் பழக்கமுள்ள நண்பர்கள் இரண்டில் எதைச் சொல்வீர்கள், அல்லது வேறு சொல் இருக்கிறதா என்று எழுதுங்கள். இது முடிந்தால் பட்டியலைத் தமிழ்நாடு அரசின் கலைச்சொல் தளமான சொற்குவைக்கு அனுப்பிவிடலாம்.

அன்புடன்