கடை மேசையில் ஒரு நம்பர் நோட்டு

தோசைக்கடை அக்கா, தாம்வே

எல்லோருக்கும் மரியே வாழ்க. பெரிய பாவங்களைப் பற்றி எழுத வரவில்லை. கொலை, களவு என்றால் நமக்கே உடம்பு நடுங்கும். "ஊரே செய்கிறது, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று தோளில் கைபோட்டுக்கொண்டு வருகிறதே, அதில்தான் நான் விழுந்தேன். உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பர்மாவில், எங்கள் யாங்கோனில் டூடி என்கிற நம்பர் சூதாட்டம் தெரியாதவர் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: 00 முதல் 99 வரை ஏதாவது ஒரு நம்பரில் பணம் கட்டுவது. தாய்லாந்துப் பங்குச் சந்தையின் குறியீட்டிலிருந்து ஓர் இலக்கம், வர்த்தகத் தொகையிலிருந்து ஓர் இலக்கம். இரண்டையும் சேர்த்தால் அதுதான் விழுந்த நம்பர். மதியம் 12 மணி வாக்கில் ஒன்று, சாயங்காலம் 4:30 வாக்கில் ஒன்று. அரசாங்கத்தின் அவுங்பாலே லாட்டரி வேறு, இது வேறு. இது சட்டத்துக்குப் புறம்பானது. ஆனாலும் டீக்கடையிலும் மீன் சந்தையிலும் யாரும் ஒளித்து எழுதுவதில்லை.

நான் காலையில் தோசை, இட்லி போட்டு விற்கிறேன். 2021க்கு அப்புறம் எண்ணெய் விலையும் உளுந்து விலையும் ஏறிய ஏற்றத்தில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. அப்போதுதான் எங்கள் தெருவில் நம்பர் எழுதுகிற பையன் வந்தான். "அக்கா, உங்க மேசையில ஒரு நோட்டு வைங்க. சாப்பிட வர்றவங்க எழுதிட்டுப் போகட்டும். நூத்துக்குப் பத்து உங்களுக்கு." நான் பணம் கட்டவில்லையே, நோட்டு சும்மா கிடக்கிறது, அவ்வளவுதானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற சாதாரணக் கோடு போட்ட நோட்டு. ஓரமெல்லாம் சாம்பார்க் கறை. இடது பக்கம் நம்பர், வலது பக்கம் தொகை. 27க்குப் பக்கத்தில் 'ஆர்' என்று போட்டால் 72க்கும் சேர்த்து என்று அர்த்தம். தினமும் வருகிற சைக்கா, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா, ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். முதலில் ரெண்டு தோசை, ஒரு வடை சாப்பிடுவார். நோட்டு வந்த பிறகு வடை நின்றது. அப்புறம் ஒரு தோசை ஆனது. ஒரு நாள் தோசை வேண்டாம், டீ மட்டும் போதும் என்றார். அன்றைக்கு அவர் எழுதிய தொகையைப் பார்த்தேன். ரெண்டு தோசையும் வடையும் அதற்குள் இருந்தன. அவர் வயிற்றுக் கணக்கும் நம்பர் கணக்கும் ஒரே மேசையில், என் கண் முன்னால்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நூறு நம்பருக்கும் நூறு சாட் (எங்கள் ஊர்ப் பணம்) வீதம் கட்டினால் 10,000. விழுந்த ஒரு நம்பருக்கு 80 மடங்கு, அதாவது 8,000. போனது 2,000. அந்த 2,000இல் 1,000 என் கமிஷன்.

அப்படியும் நான் உடனே நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி, நாங்கள் அப்வா என்று கூப்பிடுவோம், பௌர்ணமி அன்று எட்டு சீலம் என்கிற புத்த நோன்பு விதிகளை எடுத்து, காவி நிறச் சால்வை போர்த்திக்கொண்டு மடத்துக்குப் போகிற வழியில் நின்றார். நோட்டைப் பார்த்தார். "செல்வம் அழிகிற ஆறு வழியில் சூதும் ஒன்று என்று எங்கள் புத்தர் சொல்லியிருக்கிறார். உங்கள் கோயிலில் இதற்குத் தடை இல்லையா, மகளே?" குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இந்த நாட்டில் எல்லாம் இப்படித்தான் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த நாட்டுக்காரரே மதியத்துக்கு மேல் சாப்பிடாத நோன்பு எடுத்துக்கொண்டு என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பையன் கோபப்படவில்லை. எதிரே இருக்கிற வெற்றிலைக் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

கிளியரிங் வேலை, பொட்டட்டாங்

ஸ்தோத்திரம் அக்கா. நான் மெத்தடிஸ்ட். உங்கள் கதையைப் படித்ததும் என் கதையை எழுதத் துணிச்சல் வந்தது.

துறைமுகத்திலிருந்து சரக்கை வெளியே எடுக்கிற வேலை எனக்கு. இங்கே லஞ்சம் என்று யாரும் சொல்வதில்லை, டீக்காசு என்றுதான் பெயர். அந்தப் பெயரே ஆளைத் தூங்கவைத்துவிடும். ஒரு டீ வாங்கிக் கொடுத்ததற்கெல்லாமா கடவுள் கணக்குக் கேட்பார்? ஆனால் எனக்குப் பெரிய சோதனை அதிகாரியிடமிருந்து வரவில்லை. எங்கள் சபையில் முன் வரிசையில் உட்காருகிற ஒரு வியாபாரியிடமிருந்து வந்தது. சுங்கத்துக்குக் காட்டுகிற பில்லில் சரக்கின் விலையைப் பாதியாகப் போடச் சொன்னார். "நாமெல்லாம் ஒரே சபை தம்பி, நமக்குள்ள என்ன?" என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி வைக்கிற அதே கை.

"உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்கிற வசனம் சின்ன வயதிலேயே மனப்பாடம். அதற்கு விலை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "அண்ணே, எழுத மாட்டேன்" என்றேன். வேறு ஆளிடம் போய்விட்டார். இப்போதும் கோயிலில் கை கொடுப்பார், கண்ணைப் பார்க்க மாட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொய்க் கணக்கு எழுத மாட்டேன். ஆனால் எல்லாம் சரியாக இருந்தும் அதிகாரி ஃபைலை நகர்த்தாமல் பத்து நாள் வைத்திருந்தால், டீக்காசு கொடுத்திருக்கிறேன். நமக்கு உரியதைத் தராமல் கேட்டுப் பிடுங்குகிறவனுக்குக் கொடுப்பதும், முறைகேடாக ஒன்றை வாங்கக் கொடுப்பதும் ஒன்றல்ல என்று போதகர் ஐயா ஆறுதல் சொன்னார். ராத்திரி அந்த ஆறுதல் எனக்குப் போதவில்லை.

மௌலமியாய்ன் வாசகர்

அக்கா, அப்பா மாதம் ஒரு அவுங்பாலே சீட்டு வாங்குவார். இதுவரை பெரிதாக ஒன்றும் விழுந்ததில்லை. அதுவும் பாவமா?

தோசைக்கடை அக்கா, தாம்வே

தம்பி, நான் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. இதையே பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்டேன். திருச்சபையின் மறைக்கல்வியில் 2413ஆம் எண்ணைப் பார்க்கச் சொன்னார். பந்தயமும் சீட்டாட்டமும் தன்னளவில் நீதிக்கு விரோதமில்லை, ஆனால் ஒருவருக்கும் அவரை நம்பியிருப்பவர்களுக்கும் தேவையானதைப் பறிக்கும்போது தவறு என்று அதில் இருக்கிறது. அப்பா சீட்டு வாங்குகிற காசு வீட்டில் எதற்கு வைத்த காசு என்று அவருக்குத்தான் தெரியும். என் நோட்டில் பறிபோனது எனக்குத் தெரிந்தேதான் போனது.

பசுண்டாங் பெண்

நான் கல்லூரியில் இருந்தபோது நடந்தது. 2017இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 14. அன்றைக்கே தமிழ்ப் புத்தாண்டு, அன்றைக்கே திஞ்சான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா. தோழிகள் ஜீப் பிடித்து, ஐஸ் பெட்டியில் பீர் அடுக்கி, வாசலில் ஹாரன் அடித்தார்கள். "ஒரு நாள்தானே, உங்கள் சாமி கோபிக்கவா போகிறார்?" என்றாள் ஒருத்தி. அன்பாகத்தான் கேட்டாள். மறுக்க அதனால்தான் கஷ்டமாக இருந்தது. அவர் எங்களுக்காகச் செத்த நாள் இது என்றேன். ஜீப் போய்விட்டது. ஒரு மணி நேரம் அழுதேன், பொய் சொல்லவில்லை.

அப்புறம் அம்மாவும் நானும் நடந்தே கோயிலுக்குப் போனோம். தண்ணீர் அடிக்கிற மேடையை பர்மியர்கள் மண்டட் என்பார்கள். நம் மண்டபமும் அதுவும் ஒரே சொல். அதன் மேல் குழாய் பிடித்திருந்த பையனைப் பார்த்து, கையிலிருந்த செபமாலையைத் தூக்கிக் காட்டினேன். குழாயை வானத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டான். அடுத்த முனையில் சின்னப் பிள்ளைகள் வாளியோடு ஓடி வந்து ஊற்றிவிட்டார்கள், அது வேறு கதை. நனைந்த சேலையோடுதான் சிலுவைப் பாதை, இயேசுவின் பாடுகளைத் தலம் தலமாக நின்று தியானிக்கிற வழிபாடு, செய்தேன். பத்தாம் தலத்தில், இயேசுவின் ஆடையை உரிகிற இடத்தில், குளிரில் பல் அடித்துக்கொண்டது. அந்த ஆடைக்குத்தானே படைவீரர்கள் சீட்டுப் போட்டார்கள்! அக்காவின் நோட்டைப் படித்தபோது அந்தத் தலம்தான் மறுபடி கண் முன்னால் வந்தது.

ஏப்ரல் 16 ஈஸ்டர். பூசை முடிந்ததும் அதே தோழிகளைத் தேடிப் போய், மனசு நிறைய நனைந்தேன்.

தோசைக்கடை அக்கா, தாம்வே

தங்கச்சி, உன் சேலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஒன்று சொல்ல விட்டுப்போனது. வாங்கிய கமிஷன் காசு டப்பாவிலேயே கிடந்தது. யாரிடமிருந்து எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பைபிளில் வருகிற வரி வசூலிப்பவர் சக்கேயு மாதிரி நாலு மடங்கு திருப்பிக் கொடுக்கவும் என்னிடம் வழி இல்லை. அந்தக் காசு தீரும்வரை சைக்கா அண்ணனுக்குக் காலைச் சாப்பாட்டுக்குக் காசு வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

இன்று காலை ரெண்டு தோசை கேட்டார், ஒன்று முறுகலாக. தட்டை வாங்கக் கையை நீட்டினார். உள்ளங்கையில் நீலப் பேனாவால் 27 என்று எழுதியிருந்தது. கொஞ்சம் சட்னி கூடவே ஊற்றிக் கொடுத்தேன்.