மறு: பாட்டரிக்குத் (pottery) தமிழ் – ‘வனைதொழில்’

அன்பின் குழு நண்பர்களுக்கு, வணக்கம். பாட்டரி என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘வனைதொழில்’ என்று நான் முன்வைத்ததற்கு நேற்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

> பாட்டரி என்றால் மட்பாண்டம். இருக்கிற சொல்லே போதும், புதுச்சொல் எதற்கு?

மட்பாண்டம் நல்ல சொல், அது இருக்கட்டும். ஆனால் ஆங்கிலத்தில் பாட்டரி என்ற ஒரு சொல் மூன்று வேலை பார்க்கிறது. செய்த கலத்துக்கும் அதே பெயர், செய்யும் தொழிலுக்கும் அதே பெயர், செய்கிற பட்டறைக்கும் அதே பெயர். இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் வட்டாரத்தையே ‘தி பாட்டரீஸ்’ என்கிறார்கள். அதை ‘மட்பாண்டங்கள்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு என்ன புரியும்? ‘பாட்டரி கற்றுக்கொள்கிறாள்’ என்பதையும் ‘மட்பாண்டம் கற்றுக்கொள்கிறாள்’ என்று யாரும் எழுதமாட்டோம். மூன்றுக்கும் ஒரே சொல் வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. கலத்துக்கு மட்பாண்டம், மட்கலம் இரண்டுமே இருக்கின்றன. தொழிலுக்குத்தான் சொல் சரியாக அமையவில்லை.

> தொழிலுக்கு ‘மட்பாண்டவியல்’ என்று வைக்கலாமே.

இயல் சேர்த்தால் அது ஆய்வுத்துறை ஆகிவிடும். கீழடியில் கிடைத்த ஓடுகளை வகை பிரித்து, எந்த மண், எப்படிச் சுட்டது என்று பார்க்கிறவர் செய்வது மட்பாண்டவியல். மானாமதுரையில் கடம் செய்கிறவர் செய்வது அது இல்லை. இன்னொருவர் சொன்ன ‘குயத்தொழில்’ எனக்கு ஒப்பவில்லை. குயவரை எங்கள் பக்கம் வேளார் என்போம், வேறு இடங்களில் குலாலர் என்பார்கள். இன்று யார் வேண்டுமானாலும் கற்கிற ஒரு தொழிலைச் சாதிப் பெயரால் குறிக்க வேண்டாம். செய்யும் செயலால் குறிப்போம்.

அந்தச் செயலுக்கு நம்மிடம் அழகான வினை ஒன்று இருக்கிறது: வனை, அதாவது மண்ணைக் கலமாக உருவாக்கு. வனைதல், வனைந்தான், வனைகிறாள் என்று எல்லாக் காலத்துக்கும் வளைந்து கொடுக்கும். அதிலிருந்து தொழிலுக்கு ‘வனைதொழில்’, பாடமாகவோ கலையாகவோ பேசும்போது ‘வனைகலை’, பட்டறைக்கு ‘வனைகூடம்’ என்று எடுக்கலாம் என்பது என் பரிந்துரை.

> வனைதல் சக்கரத்தில் செய்வது மட்டும்தானே? கையால் செய்வதற்குப் பொருந்துமா?

இதுதான் நேற்று வந்த கேள்விகளில் முக்கியமானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சக்கரமே எல்லாப் பானையையும் முழுசாகச் செய்து கொடுத்துவிடுவதில்லை. மானாமதுரை வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். சக்கரத்திலிருந்து அறுத்து எடுக்கும்போது கழுத்தும் வாயும்தான் முடிந்திருக்கும், வயிறு தடித்துக் கிடக்கும், அடிப்பாகம் திறந்திருக்கும். ஈரம் கொஞ்சம் வற்றியபின் உள்ளே ஒரு கையால் உருண்டைக் கல்லை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, மண்ணைக் கீழே இழுத்து அடியை மூடுகிறார்கள். கல்லும் பலகையும் நேருக்கு நேர் விழ வேண்டும், தப்பினால் அந்த இடம் கிழியும். கடத்துக்கு இப்படித் தட்டுவதுதான் உயிர். சுவர் எங்கும் ஒரே கனமாக வந்தால்தான் நாதம் சீராகப் பேசும். ஆக, சக்கர வேலைக்குள்ளேயே கைவேலை இருக்கிறது.

சொல்லாட்சியிலும் சான்று உண்டு. புறநானூறு 256-இல் கணவனை இழந்தவள் கலஞ்செய் கோவிடம், அதாவது குயவரிடம், தனக்கும் இடம் இருக்கும்படி ஈமத்தாழியை (இறந்தவரை வைத்துப் புதைக்கும் பெரிய தாழியை) ‘அகலிது ஆக வனைமோ’, அகலமாக வனைவாயாக, என்று கேட்கிறாள். ஆள் உட்காரும் அளவுத் தாழியைச் சக்கரத்தில் மட்டுமே ஏற்றி எடுக்க முடியாது, பகுதி பகுதியாகச் சேர்த்துத் தட்டி வளர்க்க வேண்டும். அதற்கும் அவள் வாயில் வந்த சொல் ‘வனை’. இதற்கு மேல் நமக்கு என்ன அனுமதி வேண்டும்?

தொழிலின் பெயர் பாண்டத்தில் தொங்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழடி உறைகிணற்றின் சுடுமண் உறை பாண்டம் அல்ல. புரவி எடுப்புக்கு அய்யனார் கோயிலுக்குத் தூக்கிப் போகும் மண்குதிரையும் பாண்டம் அல்ல. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஆனாலும் மேடையில் வாசிக்கிற கடத்தைப் பாண்டம் என்று சொல்ல மனம் வரவில்லை. வனைதொழில் என்றால் இவை எல்லாம் உள்ளே வந்துவிடும். விளாச்சேரியில் அச்சில் அழுத்தி எடுக்கும் கொலு பொம்மையை மட்டும் வெளியே வைக்கலாம், அது பொம்மைத்தொழில். பீங்கானுக்குப் பீங்கானே போதும்.

தொல்லியல் செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கில அறிக்கையில் ‘பாட்டரி கிடைத்தது’ என்று வந்தால் உடனே ‘மட்பாண்டங்கள் கிடைத்தன’ என்று போடாதீர்கள். அகழாய்வுக் குழியில் பெரும்பாலும் கிடைப்பது உடைசல். ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் பெயர் கீறியிருப்பதும் ஓடுகளில்தான். வெறும் ஓடு என்றாலும் குழப்பம், ஏனென்றால் கீழடியில் கூரை ஓடும் கிடைத்திருக்கிறது. ‘பானை ஓடு’ என்று முழுசாக எழுதுங்கள்.

அப்புறம், நம் சொற்பட்டியலில் காலியாக இருந்த ‘கிரீன்வேர்’ பற்றி. காய்ந்து, சூளைக்குப் போகாத கலம் அது. ‘பச்சைக்கலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நிறம் என்று படித்துவிடுவார்கள். குறள் 660-இல் ‘பசுமண் கலம்’ இருக்கிறது, தீயவழியில் சேர்த்த பொருள் அதில் ஊற்றிவைத்த நீர் போல என்று. சுடாத கலம் தண்ணீரில் கரையும் என்பதுதான் அந்த உவமையின் அடிப்படை, கிரீன்வேருக்கும் அதே இலக்கணம். ‘பசுங்கலம்’ என்று சுருக்கி ஏற்கலாம்.

‘வனைகூடம்’ பற்றித்தான் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை. சூளையும் மண் மிதிக்கும் களமும் சேர்ந்த இடத்துக்கு அது பொருந்துமா, இல்லை ‘வனைகளம்’ சரியா? வேளார் தெருக்களில் பழக்கம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் பதிவை இறுதி செய்துவிடலாம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து