மறு: ‘ட்ராக் எவல்யூஷன்’ – தடப்பதம் எனலாமா?

நண்பர்களே,

கார் பந்தயத்தில் ஓட்டம் நடக்க நடக்கத் தடத்தின் நிலை மாறிக்கொண்டே இருப்பதை ஆங்கிலத்தில் ‘ட்ராக் எவல்யூஷன்’ என்கிறார்கள். அதற்குத் ‘தடப்பதம்’ என்று நான் சொன்னதற்கு வந்த மறுப்புகளுக்கான பதில் இது.

> “எவல்யூஷன் என்றால் பரிணாமம். ‘தடப் பரிணாமம்’ என்றே வைத்துவிடலாம், எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்?”

அப்படி வைத்தால் பாதி விஷயம் விடுபட்டுப்போகும். பரிணாமம் என்றதும் படிப்படியாக முன்னே போவதுதான் மனதில் வருகிறது. பந்தயத் தடம் அப்படி ஒரே திசையில் போவதில்லை. கார்கள் ஓட ஓட டயரின் ரப்பர் தரையில் படிந்து தடம் வேகமாகும். ஒரு மழை பெய்தால் படிந்ததெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில் நடந்த இரண்டு ஃபார்முலா 1 தகுதிச்சுற்றுகளை (யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று தீர்மானிக்கும் ஓட்டங்களை) எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் வெள்ளிக்கிழமைப் பயிற்சிகள் இரண்டிலும் ரெட் புல்லின் வெட்டல்தான் முதலில் நின்றார். சனிக்கிழமை தடம் ஈரமாக இருந்து, கடைசிப் பகுதியில் காய்ந்துகொண்டே வந்தது. காய்ந்த தரைக்கான, பள்ளக்கோடு இல்லாத ஸ்லிக் டயருக்கு மாறிய வில்லியம்ஸ் ஓட்டுநர் ஹல்கென்பெர்க், வெட்டலை ஒரு நொடிக்கும் மேல் முந்தி முதலிடம் பிடித்தார். அன்று பிந்தி ஓடிய சுற்றுக்குத்தான் மதிப்பு. 2022இல் நேர்மாறு. மழை நெருங்குகிறது என்று பார்த்து, கடைசிப் பகுதியில் ஹாஸ் அணி மேக்னுசனை எல்லாருக்கும் முன்னால் அனுப்பியது. அவர் நேரம் பதித்த சற்றைக்கெல்லாம் மெர்சிடிஸ் ஓட்டுநர் ரஸ்ஸல் தடம் விலகிச் சிக்கிக்கொள்ள, ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி. அப்புறம் மழை வலுத்தது. யாராலும் மேக்னுசனைத் தாண்ட முடியவில்லை. ‘பரிணாமம்’ முதல் கதைக்குப் பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது.

பதம் இரண்டுக்கும் பொருந்துகிறது. பதம் ஏறும், இறங்கும், கெடும், தப்பும். ‘மேக்னுசன் பதம் இறங்குமுன் ஓடி முடித்தார்’ என்று எழுதினால் விளக்கக் குறிப்பே வேண்டாம்.

> “மழை பெய்தால் மண்ணுக்குப் பதம் வரும் என்போம். இங்கே மழை பதத்தைக் கெடுக்கிறது என்றால் குழப்பம் அல்லவா?”

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். பதம் எப்போதும் ஒன்றுக்கான பதம்தானே! உழவுக்கு ஈரம் பதம், ஓட்டத்துக்கு ரப்பர் படிந்த காய்ந்த தரை பதம். அதனால்தான் வெறும் ‘பதம்’ போதாது, ‘தடப்பதம்’ வேண்டும் என்கிறேன்.

‘பிடிமானம்’ போதும் என்றவர்களுக்கு: பிடிமானம் டயரும் தரையும் சேர்ந்து தருவது. அதே நிமிடத்தில் புது டயருக்கு ஒரு பிடிமானம், தேய்ந்த டயருக்கு வேறு. தடப்பதம் அந்த நேரத்தில் எல்லாருக்கும் பொது.

இந்தச் சொல் உண்மையில் உதவப்போவது பயிற்சி நேரங்களைப் பற்றி எழுதும்போது. பயிற்சிப் பட்டியலை அப்படியே வைத்துத் தகுதிச்சுற்றைக் கணிப்பவர்கள் தொடர்ந்து ஏமாறுகிறார்கள். யார் எவ்வளவு எரிபொருளோடு ஓடினார் என்பது வெளியே தெரியாது. 10 கிலோ கூடினால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 நொடி போய்விடும். அதோடு பயிற்சி நடந்த நேரத்துப் பதமும் வேறு. பஹ்ரைன் போன்ற இரவுப் பந்தயங்களில் முதல், மூன்றாம் பயிற்சிகள் வெயிலில் நடப்பதுண்டு. தகுதிச்சுற்று நடக்கும் பொழுதுக்கு நெருங்கியது இரண்டாவதுதான். ஆகவே ஒருவரின் நேரத்திலிருந்து எரிபொருளையும் பதத்தையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ‘பதம் கழித்த வேகம்’ என்று எழுதலாம்.

ரப்பர் இன்னும் படியாத தடத்தைச் சொல்லும் ‘கிரீன் ட்ராக்’கையும் சேர்த்தே முடித்துவிடலாம். பச்சைத் தடம் என்றால் புல்வெளி என்று நினைப்பார்கள். ‘பதமேறாத் தடம்’ என்பது சரியாக வருகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். சொற்பட்டியலில் சேர்க்கும்போது ‘தடப்பதமேற்றம்’ என்று நீட்டிவிடாதீர்கள், அது மறுபடியும் ஏறுவதை மட்டுமே சொல்லும். மாறுவதைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘தடப்பத மாற்றம்’ என்று எழுதலாம். மறுப்பு இருந்தால் ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள், பேசுவோம்.