ஆளில்லாத அரங்கில் ஒரு நடன இரவு: 2020 நேரலைக் கச்சேரிகளைப் பார்த்தவர்கள் எழுதுக

திரியைத் தொடங்கியவர், சென்னை

2020 நவம்பர் 6 அன்று ஆஸ்திரேலியப் பாடகர் கைலி மினோகின் பதினைந்தாவது ஸ்டுடியோ ஆல்பமான ‘டிஸ்கோ’ வெளியானது. மறுநாள் சனிக்கிழமை, அந்த ஆல்பத்தை முன்னிறுத்தி ‘இன்ஃபினிட் டிஸ்கோ’ என்ற கட்டண நிகழ்ச்சி இணையத்தில் உலகெங்கும் ஒளிபரப்பானது. மூன்று வாரம் கழித்து, நவம்பர் 27 அன்று, பிரிட்டிஷ் பாடகர் துவா லிப்பா தமது ‘ஃபியூச்சர் நாஸ்டால்ஜியா’ ஆல்பத்துக்காக ‘ஸ்டுடியோ 2054’ என்ற நிகழ்ச்சியை நடத்தினார். நடனத்துக்கென்றே செய்யப்பட்ட இரண்டு ஆல்பங்கள், நடனக்கூடங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்த ஓர் ஆண்டில் வெளிவந்தன. இவ்விரண்டில் ஒன்றையாவது அன்றே பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே பதிய வேண்டும் என்பது என் விருப்பம். முதலில் நானே எழுதிவிடுகிறேன்.

‘இன்ஃபினிட் டிஸ்கோ’வை மடிக்கணினியில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். காட்சிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நழுவிச் சென்ற ஒழுங்கைக் கண்டபோதே, இது முன்கூட்டிப் படமாக்கப்பட்டது என்பது விளங்கிவிட்டது. ஆனால் அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. அந்த ஆண்டில் நான் பார்த்த வேறு சில இணையக் கச்சேரிகளில், பாடகர் பாடி முடித்ததும் காலியான இருக்கைகளை நோக்கிக் கையசைப்பார். எங்கிருந்தோ பதிவு செய்த கைத்தட்டல் ஒலிக்கும். பார்க்கிற நமக்குக் கூச்சமாக இருக்கும். கைலி அந்தப் பாசாங்குக்கே இடம் கொடுக்கவில்லை. கூட்டம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, கேமராவையே எதிரில் ஆடும் துணையாக வைத்துக்கொண்டார். ‘ஸ்லோ’ பாடலுக்குள் டோனா சம்மரின் பழைய டிஸ்கோ வரிகள் நுழைந்த இடத்திலும், இறுதியில் ‘சே சம்திங்’ பாடலுக்கு ஹவுஸ் காஸ்பல் கொயர் குழுவினர் சேர்ந்து குரல் கொடுத்த இடத்திலும், வீட்டில் எல்லோரும் உறங்குகிறார்கள் என்பதை மறந்து எழுந்து நின்றுவிட்டேன்.

இந்த ஆல்பத்தின் பெரும்பகுதிக்கான குரலைக் கைலி ஊரடங்கின்போது தம் வீட்டிலேயே, ஒலிப்பதிவு மென்பொருளைப் புதிதாகக் கற்றுக்கொண்டு, தாமே பதிவு செய்தார் என்பதையும், ஒலிப்பதிவுப் பொறியாளர் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டு அறையில் பாடியதை நாமும் வீட்டு அறையிலேயே கேட்டோம். நடுவில் விழா மண்டபம் போன்ற ஒரு கூடம் மட்டும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக வந்து போனது.

‘ஸ்டுடியோ 2054’ எனக்கு அத்தனை நிம்மதியாக வாய்க்கவில்லை. நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்திருந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. பிராட்பேண்ட் இணைப்பு படுத்துவிட்டது. அந்த வார இறுதியில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் துண்டுதுண்டாகப் பார்த்ததால், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. முழுதாகப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

மேடை ஒளியமைப்புப் பணியாளர், லண்டன்

வணக்கம். நான் லண்டனில் கச்சேரி மேடைகளுக்கு விளக்கு அமைக்கும் தொழிலில் இருப்பவன். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நான் வேலை செய்யவில்லை. எல்லோரையும் போலக் காசு கொடுத்து வீட்டிலிருந்தே பார்த்தேன். அந்த ஆண்டு மார்ச் முதல் எங்களுக்கு வேலையே கிடையாது. நவம்பர் 5-ஆம் தேதி இங்கிலாந்து முழுவதும் இரண்டாவது ஊரடங்கு தொடங்கியது. அதற்கு இரண்டே நாளில் கைலியின் நிகழ்ச்சி. ஆகவே மற்றவர்கள் பாட்டைக் கேட்டார்கள் என்றால், நான் விளக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாதாரண கச்சேரியில் எங்கள் விளக்குகளில் ஒரு பகுதி பாடகருக்கானது. இன்னொரு பகுதி முழுக்கக் கூட்டத்துக்கானது. பல்லவி வெடிக்கும் இடத்தில் கூட்டத்தின் முகத்தில் வெளிச்சத்தைக் கொட்டினால், பத்தாயிரம் கைகள் மேலே எழுவதை அந்தக் கூட்டமே பார்க்கும், உற்சாகம் இரட்டிப்பாகும். ஆளில்லாத அரங்கில் அந்த விளக்குகளுக்கு வேலையில்லை. அதற்குப் பதிலாக, வழக்கமாக நாங்கள் தொடவே முடியாத இடங்கள் எல்லாம் திறந்துவிடுகின்றன. தரையில் விளக்கு வைக்கலாம். பாடகரின் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராகக் கேமராவுக்குள் ஒளியைப் பாய்ச்சலாம். கேமரா ஆட்டக்காரர்களின் நடுவில் புகுந்து முழு வட்டம் சுற்றி வரலாம், ஏனெனில் அது மறைப்பதற்குப் பின்னால் எந்தப் பார்வையாளரும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத தொல்லைகளும் உண்டு. எல்இடி விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும்போது அது உண்மையில் மிக வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. கேமராவின் ஓட்டத்தோடு அது ஒத்துப்போகாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக நடுங்கும். அரங்கில் கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஆழ்ந்த நீலமும் சிவப்பும் கேமராவில் முகத்தைக் கரைத்துவிடும். அரங்கத்தில் ஓடும் புகைமூட்டம் இணைய ஒளிபரப்பில் படத்தைச் சுருக்கும்போது கட்டம் கட்டமாக உடையும். கைலியின் நிகழ்ச்சியில் அந்த நடுக்கத்தையும் உடைசலையும் தேடிப் பார்த்தேன்; என் திரையில் அகப்படவில்லை. தொழில்காரனாக எனக்கு அது பொறாமையும் மகிழ்ச்சியும் கலந்த இரவு.

துவா லிப்பாவின் நிகழ்ச்சி வேறு வகை. அது பிரிண்ட்வொர்க்ஸ் என்ற இடத்தில் படமாக்கப்பட்டது. ஒரு காலத்தில் நாளிதழ்கள் அச்சான பெரிய ஆலை அது. 2017-இல் நடனக்கூடமாகத் திறந்து 2023-இல் மூடினார்கள். நீண்டு ஒடுங்கிய அச்சுக்கூடங்கள் கொண்ட அந்தக் கட்டடத்துக்குள் பல அரங்கமைப்புகளைக் கட்டி, பாடகர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போகிறார். கூடவே நம்மையும் இழுத்துக்கொண்டு போகிறார். நியூயார்க்கில் 1977-இல் திறந்த ‘ஸ்டுடியோ 54’ என்ற புகழ்பெற்ற டிஸ்கோ விடுதியின் பெயரைத்தான் எதிர்காலத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். எல்டன் ஜான், எஃப்கேஏ ட்விக்ஸ், ஆஞ்செல், மைலி சைரஸ் என்று விருந்தினர் வந்துகொண்டே இருந்தார்கள். சிலர் நேரில், சிலர் திரையில். கைலியே வந்து ‘ரியல் குரூவ்’ பாடலைச் சேர்ந்து பாடினார். என் கருத்தில் விருந்தினர் கொஞ்சம் அதிகம். துவா லிப்பா தனியாக ஆடிய இடங்களே எனக்குப் போதுமாக இருந்தன. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்ததாக அப்போது அறிவித்தார்கள். அதற்காக உழைத்த மேடைத் தொழிலாளர்களுக்கு அந்தக் கொடிய ஆண்டில் சில வாரக் கூலி கிடைத்ததே என்பதுதான் எங்கள் வட்டாரத்தில் பேச்சாக இருந்தது.

இரண்டு பிள்ளைகளின் தாய், ஹாரோ (லண்டன்)

துவா லிப்பாவின் நிகழ்ச்சி நவம்பர் 27 என்று அறிவித்தபோதே, அன்று எங்கள் வீட்டில் அதைப் பார்ப்பதில்லை என்பது பேசாமலே முடிவாகிவிட்டது. அது மாவீரர் நாள். ஊரடங்கு என்பதால் வீட்டிலேயே விளக்கேற்றினோம். மூத்த மகளுக்குத் துவா லிப்பா என்றால் உயிர். ஆனாலும் அவள் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை.

அவளுக்கு அந்தப் பாடகர் மேல் உள்ள பற்றுக்குப் பாட்டு மட்டும் காரணமில்லை. துவா லிப்பாவின் பெற்றோர் கொசோவோ அல்பேனியர். யூகோஸ்லாவியா சிதறிய நாட்களில், 1992-இல் கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவை விட்டு லண்டன் வந்தவர்கள். தந்தை அங்கே ஒரு ராக் குழுவில் பாடியவர். மகள் 1995-இல் இங்கே பிறந்து, பதினொன்று பன்னிரண்டு வயதளவில் குடும்பத்தோடு பிரிஷ்டினா திரும்பி, பிறகு பாடகியாக வேண்டும் என்று மீண்டும் லண்டன் வந்தார். “அம்மா, அவையளும் எங்களைப் போலத்தான் வந்தவை” என்று என் மகள் சொல்லுவாள்.

கைலியின் நிகழ்ச்சியை மட்டும் அந்தச் சனிக்கிழமை வரவேற்பறையில் கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு மூவருமாகப் பார்த்தோம். 1987-இன் முடிவில் வெளிவந்த ‘ஐ ஷுட் பி சோ லக்கி’ காலத்திலிருந்து நான் அவரை அறிவேன். பிள்ளைகளுக்கு அவர் புதியவர். நான் ஆடியதை இளையவள் தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறாள். அழிக்கச் சொல்லிக் கேட்கவும் மாட்டேன், இங்கே பதியவும் மாட்டேன்.

மெல்பர்ன் வாசகர்

கைலி எங்கள் ஊர்க்காரர் என்பதால் இங்கே அந்த நிகழ்ச்சிக்குத் தனி மதிப்பு. நூறு நாட்களைத் தாண்டிய எங்கள் நீண்ட ஊரடங்கு அக்டோபர் கடைசியில்தான் தளர்ந்திருந்தது. கடைகளும் உணவகங்களும் அப்போதுதான் திறந்திருந்தன. நண்பர்கள் தத்தம் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு. இங்கே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. இணைய ஒளிபரப்பு சிறுசிறு துண்டுகளாக வந்து சேர்ந்து ஓடுவதால் ஒருவர் திரைக்கும் இன்னொருவர் திரைக்கும் அரை நிமிடம்வரை வித்தியாசம் வரும். ஆகவே எனக்குப் பாடல் தொடங்குமுன்பே குழுவில் ஒருவர் “ஐயோ, இந்தப் பாட்டு!” என்று கூவிவிடுவார். சற்று எரிச்சலாக இருந்தாலும், அடுத்து வரப்போவதை யாரோ முன்னாலிருந்து கத்திச் சொல்வது போன்ற அந்தச் சலசலப்புத்தான் எனக்குக் கூட்டத்துக்குள் இருக்கும் உணர்வைத் தந்தது.

கைலியின் ‘டிஸ்கோ’ பிரிட்டனில் முதலிடம் பிடித்து, எண்பதுகள் தொடங்கி அடுத்தடுத்து ஐந்து பத்தாண்டுகளில் முதலிட ஆல்பம் பெற்ற முதல் பெண் கலைஞர் என்ற பெருமையை அவருக்குத் தந்த செய்தி அடுத்த வாரம் வந்தது. எங்கள் குழுவில் அதற்கும் ஒரே கூச்சல்தான். இம்முறை எல்லோருக்கும் ஒரே நேரத்தில்.

பழைய மென்பொருள்காரர், சென்னை

இளையவர்கள் இதைப் புதிய அனுபவம் என்று எழுதுவதால் ஒரு பழங்கதையைச் சேர்க்கிறேன். 2000 நவம்பர் 28 அன்று லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமியில் மடோனா தமது ‘மியூசிக்’ ஆல்பத்துக்காகப் பாடினார். அதை மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்என் தளம் இணையத்தில் நேரலையாக அனுப்பியது. அரங்கில் சுமார் மூவாயிரம் பேர். இணையத்தில் தொண்ணூறு லட்சம் பேர் என்று அப்போது செய்தி வந்தது.

நமக்கு அது விடியற்காலை. நான் இரவுப் பணியில் இருந்தேன். அலுவலக இணைப்பு வீட்டு டயல்-அப்பை விடச் சற்றுத் தேவலாம். திரையில் தீப்பெட்டி அளவு ஒரு சதுரம். அதற்குள் தொப்பி அணிந்த ஓர் உருவம் அசைந்து, உறைந்து, வேறோர் இடத்தில் மீண்டும் தோன்றும். பாட்டு ஒரு வரி கேட்கும், இரண்டு வரி விழுங்கப்படும். ஆடுவதற்கு வழியே இல்லை. தாளம் எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தானே? இருந்தும் பக்கத்து இருக்கைக்காரர்கள் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். பாட்டுக்காக அல்ல, லண்டனில் இந்த நொடி நடப்பது இங்கே தெரிகிறது என்பதற்காக.

அதனால்தான், ஒளியமைப்பு நண்பரே, நீங்கள் மெச்சிய அந்தக் குறையற்ற படத்தை நானும் ரசித்தேன் என்றாலும், என் வாக்கு பிரிக்ஸ்டனுக்குத்தான். அங்கே உண்மையில் ஒரு கூட்டம் இருந்தது. நாங்கள் அதை எட்டிப் பார்த்தோம். 2020-இல் எட்டிப் பார்க்க எதுவும் இல்லை. நமக்காக ஒன்றைச் செய்து கொடுத்தார்கள்.

திரியைத் தொடங்கியவர், சென்னை

ஐயா, உங்கள் பதிவுக்கு நன்றி. ஆனால் உடன்பட முடியவில்லை. எட்டிப் பார்ப்பவனுக்கு ஆடத் தோன்றாது. நமக்காகச் செய்ததால்தான் ஹாரோவில் கதிரைகள் சுவரோரம் போயின.

கேட்டவர்களுக்கு ஒரு தகவல்: ‘ரியல் குரூவ்’ பாடலின் இருவர் குரல் வடிவம் அந்த டிசம்பர் 31 அன்றே ‘ஸ்டுடியோ 2054’ பெயரோடு ரீமிக்ஸாக வெளியாயிற்று. ‘இன்ஃபினிட் டிஸ்கோ’ 2021 நவம்பரில் வந்த, ‘டிஸ்கோ’ ஆல்பத்தின் ‘கெஸ்ட் லிஸ்ட்’ சிறப்புப் பதிப்பில் வட்டாக இருக்கிறது. நான் அதை இப்போது தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தேன். படம் அன்றைவிடத் தெளிவு. ஆனால் நடுவில் நிறுத்திவிட்டுக் காப்பி போடப் போனேன். அன்று அப்படி எழுந்து போகத் தோன்றியதே இல்லை.

2024 நவம்பர் 30 அன்று மும்பையில் துவா லிப்பாவை நேரில் பார்த்தவர்கள் நம்மில் இருந்தால், ‘லெவிடேட்டிங்’ பாடலோடு ஷாருக் கான் படப் பாட்டைக் கலந்தபோது மைதானம் எப்படி இருந்தது என்பதை அடுத்து எழுதுங்கள்.